பூ அனுப்பிப் பெண் கேட்ட யானை ராஜா

ஒரு காட்டில் ஒரு யானை ராஜாவாக இருந்தது. காட்டுக்கு ராஜா சிங்கம்தானே என்று இப்போதே கையைத் தூக்காதீர்கள் பிள்ளைகளே. அந்தக் காட்டில் சிங்கம் கிடையாது. இருந்திருந்தாலும் அந்த உடம்பைப் பார்த்ததும், "சரி, நீயே இருந்துகொள்" என்று சொல்லிவிட்டு வேறு காட்டுக்குப் போயிருக்கும்.

ராஜாவின் பெயர் மத்தகராசன். நல்ல உயரம், நல்ல தந்தம், நல்ல குரல். மூளையும் பெரியதுதான். அதிகம் புழங்காமல் புதிதாகவே வைத்திருந்தது.

மந்திரி ஒரு நரி. கதையில் நரி வந்தால் என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். இந்த நரியும் அதைத்தான் செய்தது. "இன்று வெயில் அதிகம்" என்று ராஜா சொன்னால், "தங்கள் மேல் படுவதற்காகத்தான் அரசே இப்படிக் காய்கிறது" என்று நரி சொல்லும். அதற்குச் சம்பளமாக ராஜாவின் முதுகில் ஏறி உட்கார்ந்து ஊர்வலம் வரும். கால் வலிக்காத உத்தியோகம்.

மாசி மாதம் ஒரு காலை. ராஜா ஆற்றில் தண்ணீர் குடிக்கப் போனது. அக்கரையில் ஒரு பெண் யானை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அக்கரை மலைக்கு அதுதான் அரசி. பெயர் கொடியிடை. பெயர் வைத்தவர்கள் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு வைத்தார்களோ தெரியவில்லை. ஆனால் முகத்தில் ஒரு களை இருந்தது. அதைவிட, தன் கூட்டத்துக் குட்டிகளையெல்லாம் குடிக்கவிட்டுக் கடைசியாகத் தான் குடித்தது.

மத்தகராசன் பார்த்தது. பார்த்துக்கொண்டே நின்றது. தும்பிக்கையில் உறிஞ்சிய தண்ணீரை வாயில் விட மறந்து, முதுகில் இருந்த நரியின் தலையில் ஊற்றியது.

நரி காதை உதறிக்கொண்டு சொன்னது: "வாழ்த்துகள் அரசே. தங்களுக்குக் காதல் வந்துவிட்டது."

"அப்படியா? இப்போது என்ன செய்ய வேண்டும்? ஆற்றைக் கடந்துபோய், 'என்னைக் கட்டிக்கொள்கிறாயா' என்று கேட்டுவிடட்டுமா?"

நரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு பேரும் நேரே பேசிவிட்டால் நடுவில் மந்திரிக்கு என்ன வேலை?

"அபச்சாரம்! அதெல்லாம் குரங்குகளும் கீரிகளும் செய்கிற காதல். ராஜகாதல் என்றால் பூ அனுப்ப வேண்டும். தினமும் அனுப்ப வேண்டும். பூ பேசும். தாங்கள் பேசக் கூடாது."

நம்மைப் போன்றவர்களுக்கு ஒருவரைப் பிடித்துப்போனால், "சாப்பிட்டாயா?" என்று கேட்போம். ராஜாக்களுக்கு அது கேவலம். அவர்களுக்குப் பூ வேண்டும். அதையும் வேறு யாராவது பறிக்க வேண்டும், வேறு யாராவது தொடுக்க வேண்டும், வேறு யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டும். காதல் மட்டும் அவர்களுடையது.

அன்றே குரங்குகள் செங்காந்தள் பறித்து மாலை கட்டின. மைனாக்கள் கூட்டமாகச் சேர்ந்து அலகில் கவ்விக்கொண்டு ஆற்றைத் தாண்டின. மைனாவுக்கு ஒரு குணம் உண்டு. கேட்டதைக் கேட்டபடி வந்து சொல்லும். கூட்டாது, குறைக்காது.

மைனா திரும்பி வந்து கொடியிடையின் குரலிலேயே சொன்னது: "காந்தள் வந்தது. இதைத் தின்றால் வயிறு கெட்டுப்போகும். எதற்காக அனுப்பினீர்கள்?"

மத்தகராசனின் காதுகள் தொங்கிப்போயின. "என்ன மந்திரி, இப்படிக் கேட்கிறாள்?"

"வெட்கம் அரசே. அரசகுலத்துப் பெண்கள் வெட்கப்பட்டால் அப்படித்தான் வயிற்றைப் பற்றிப் பேசுவார்கள்."

மறுநாள் மாலைக்குக் காந்தள் போதவில்லை. சோம்பேறிக் குரங்கு ஒன்று, இடையில் நிரப்புவதற்குப் பக்கத்து மாமரத்திலிருந்து ஒரு கொத்து மாம்பூவை ஒடித்துச் செருகிவிட்டது.

மைனா பறந்து வந்தது. இந்தத் தடவை குரலே வேறாக இருந்தது. "மாலை நடுவில் மாம்பூ இருந்ததே! உங்கள் காட்டில் மாமரம் இருக்கிறதா?"

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஆசையாகக் கேட்கிறாள் பார்! இருக்கிறது என்று சொல். நாளைக்கு மாம்பூவிலேயே மாலை கட்டுங்கள்!"

கட்டினார்கள். பதில் வந்தது: "மாம்பூ கிடைத்தது. மனம் நிறைந்தது. ஒரு மரமா, பல மரமா?"

"தோப்பே இருக்கிறது என்று சொல்!"

"வேறு என்ன இருக்கிறது?"

நாவல் பூ போனது. "ஆகா" என்று பதில் வந்தது. விளாம்பூ போனது. "குட்டிகள் துள்ளிக் குதித்தன" என்று வந்தது. இலுப்பைப் பூ போனது. "உங்களைப் போல ஒரு ராஜா இந்தப் பக்கத்தில் இல்லை என்று சித்தி சொல்கிறாள். வேறு என்ன இருக்கிறது?" என்று வந்தது.

இடையில் ஒரு நாள் நரி நாகரிகமாக இருக்கட்டும் என்று தாமரை அனுப்பிப் பார்த்தது. "தாமரை வந்தது. சரி" என்று மட்டும் பதில் வந்தது.

"பார்த்தீர்களா அரசே? தாமரைக்கு மசியவில்லை. மரத்துப் பூவுக்குத்தான் மனம் இளகுகிறது. இனிமேல் மரத்துப் பூவையே அனுப்புவோம். ஒரு கிளை விடாமல் அனுப்புவோம்."

"எதற்காக மரத்துப் பூ மட்டும் பிடிக்கிறது?"

"காதலில் காரணம் கேட்கக் கூடாது அரசே."

ராஜாவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். நானும் என் வேலையைப் பார்க்கப் போயிருப்பேன்.

குரங்குகளால் மட்டும் பறித்துத் தீரவில்லை. நரி காட்டைக் கூட்டி ஓர் உத்தரவு போட்டது. இனி ஒவ்வொரு பிராணியும் தினம் ஒரு முழம் மரத்துப் பூ தொடுத்துக் கொண்டுவர வேண்டும்.

அணில் பயந்துகொண்டே கேட்டது: "ஒரு முழம் என்றால் யார் கை முழம் ஐயா? என் கை முழமா?"

எல்லோரும் அணிலின் கையைப் பார்த்தார்கள். அந்த முழத்துக்கு அரைப் பூ போதும்.

"அரசாங்க முழம்" என்றது நரி. "அரசருடைய தும்பிக்கை முழம்."

அணில் அந்தத் தும்பிக்கையை அடியிலிருந்து நுனிவரை ஒரு தடவை பார்த்தது. பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டது.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது."

கேட்டது சடைச்சி என்ற கரடி. முகத்துக்கு நேரே பேசுகிற பிறவி. அதனால் அதற்குச் சினேகிதம் குறைவு, நிம்மதி அதிகம். ஆற்றோரத்தில் ஒரு பெரிய அத்திமரம்தான் அதற்கு வீடு. அதன் இரண்டு குட்டிகளும் அந்த மரத்துப் பழத்தைத் தின்றுதான் வளர்ந்தன.

"பூவையெல்லாம் இப்போதே பறித்துவிட்டால், ஆனியில் பழத்துக்கு எங்கே போவது?"

"பூ வேறு, பழம் வேறு" என்றது நரி. "பூ விஷயம் என் பொறுப்பு. பழம் என் பொறுப்பில் வராது."

"யார் பொறுப்பில் வரும்?"

நரி மேலே பார்த்தது. ராஜா கீழே பார்த்தது. பிறகு ராஜா பெருந்தன்மையோடு சொன்னது: "பழம் தானாக வரும். போன வருடம் வந்தது. அதற்கு முந்தின வருடமும் வந்தது. இந்த வருடம் மட்டும் வராமல் எங்கே போய்விடும்?"

கூட்டத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ராஜா சொன்னால் தலையாட்டுவது கழுத்துக்கு நல்லது என்று அந்தக் காட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அன்றிலிருந்து காடு மொட்டையாகத் தொடங்கியது. மாமரத்தில் பூ இல்லை. நாவலில் இல்லை. புளியில் இல்லை. அணில் ஒரு தும்பிக்கை முழம் கட்டி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். தேனீக்கள் ஒரு நாள் வந்து, "நாங்கள் எங்கே உட்காருவது?" என்று கேட்டன. "மாலையில் உட்காருங்களேன்" என்றது நரி. தேனீக்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு காட்டுக்குப் போய்விட்டன. போகும்போது நரியின் மூக்கில் ஒரு கொட்டு கொட்டிவிட்டுத்தான் போயின. அது நியாயம்.

சடைச்சி மட்டும் பூ கொண்டுவரவில்லை.

நரி ராஜாவின் முதுகில் ஏறாமல், தானே நடந்து அத்திமரத்தடிக்கு வந்தது. அவ்வளவு கோபம்.

"ஏ சடைச்சி! உன் முழம் எங்கே?"

"என் மரத்தில் பூ கிடையாது மந்திரியாரே."

"கிளை கிளையாகக் காய் தொங்குகிறது. பூக்காமலே காய்த்ததா?"

"பூக்கும். ஆனால் வெளியில் பூக்காது. காய்க்குள்ளேயே பூத்துக்கொள்ளும். வேண்டுமென்றால் ஒன்றைப் பிளந்து பாரும்."

நரி ஒரு காயைப் பிளந்து பார்த்தது. உள்ளே பொடிப்பொடியாக ஏதோ இருந்தது. மாலை கட்ட ஆகாது.

"அரசருக்குத் தெரியாமல் பூவை உள்ளே ஒளித்து வைக்கிற மரமா? இது ராஜதுரோக மரம்!"

"மரத்துக்கு ராஜா யாரென்றே தெரியாது. திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டும்."

நரி மரத்தைச் சுற்றி நடந்தது. அடிமரத்தைத் தட்டிப் பார்த்தது. நேராக, உறுதியாக இருந்தது. நரியின் முகம் மலர்ந்தது.

"கல்யாணம் என்றால் பந்தக்கால் நட வேண்டுமே. மற்ற மரமெல்லாம் பூ கொடுக்கிறது. பூ கொடுக்காத மரம் காலாவது கொடுக்கட்டும். பெண் வீட்டார் இடம் பார்க்க வரும் நாளில், அரசர் தம் தந்தத்தாலேயே இதை நெம்பிச் சாய்ப்பார். அந்த இடத்திலேயே பந்தக்கால் நட்டுவிடலாம்."

சடைச்சி நிமிர்ந்து மேலே பார்த்தது. குட்டிகள் மேல் கிளையில் தூங்கிக்கொண்டிருந்தன. காடு முழுவதும் மொட்டையாகிவிட்ட வருடத்தில் இந்த மரமும் போனால் அவை எதைத் தின்னும்? ஆனால் பேரம் பேசுகிற இடத்தில் பயத்தை வெளியில் காட்டக் கூடாது. சடைச்சி காட்டவில்லை.

"மந்திரியாரே, ஒரு தேனடை வைத்திருக்கிறேன். தேனீக்கள் போகும்முன் எடுத்தது. இந்த வருடத்துக்கு இந்தக் காட்டில் கடைசி அடை அதுதான். அதை எடுத்துக்கொள்ளும். மரத்தை விட்டுவிடச் சொல்லும்."

"கொண்டா பார்க்கலாம்."

"முதலில் வாக்கு."

"மந்திரியையே சந்தேகப்படுகிறாயா? கொண்டா."

சடைச்சி தேனடையைக் கொடுத்தது. நரி அங்கேயே உட்கார்ந்து நக்கித் தின்றது. மெழுகைக்கூட மென்றது. வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தது.

"தேன் நன்றாக இருந்தது. மரத்தைப் பற்றி முடிவு செய்ய வேண்டியவர் அரசர். நான் சாதாரண மந்திரிதானே."

சடைச்சி பல்லைக் கடித்தது. வாக்கு வாங்கும்முன் பொருளைக் கொடுத்தது அதன் தப்பு. அதை அது யாரிடமும் சொல்லி அழவில்லை. நேரே மரத்தில் ஏறிக் குட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. "சாய்க்க வரட்டும். நான் இறங்கமாட்டேன்" என்று மட்டும் சொன்னது.

வைகாசிக் கடைசியில் மைனா கொண்டுவந்த செய்தி ராஜாவைத் துள்ளவைத்தது.

"நீங்கள் அனுப்பிய பூவையெல்லாம் பார்த்தோம். எங்கள் கூட்டத்துக்கு முழுச் சம்மதம். எங்கள் மலையில் மழை பொய்த்துவிட்டது. ஆனி பிறந்ததும் இடம் பார்க்க வருகிறோம். எல்லோருமாக வருகிறோம். பசியோடு வருகிறோம்."

இதில் ராஜாவின் காதில் விழுந்தது "சம்மதம்" என்பது மட்டும். யானைக் காது பெரிது என்று யார் சொன்னது?

ஆனி பிறந்தது. கொடியிடை வந்தது. அதன் சித்தி வந்தது. பின்னால் கூட்டம் முழுவதும் வந்தது. குட்டிகளின் விலா எலும்புகள் வெளியே தெரிந்தன. ஆனாலும் ஆற்றைக் கடக்கும்போது ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, "எனக்கு மாம்பழம்! எனக்கு விளாம்பழம்!" என்று கத்திக்கொண்டே வந்தன.

மத்தகராசன் சேற்றில் நன்றாகக் குளித்து, நெற்றியில் செம்மண் அப்பிக்கொண்டு கரையில் நின்றது. காடெல்லாம் தேடியதில் கிடைத்த கடைசிப் பூமாலை தும்பிக்கையில் தொங்கியது. முதுகில் நரி.

"வா கொடியிடை. வாருங்கள் அத்தை."

"வந்தோம் மாப்பிள்ளை" என்றது சித்தி. வாயில் போட எதுவும் இல்லாமல் அத்தனை தூரம் நடந்து வந்த எரிச்சல் குரலில் தெரிந்தது. "மாலை கிடக்கட்டும். முதலில் மாந்தோப்பைக் காட்டுங்கள்."

காட்டியது. தோப்பு பெரிய தோப்புதான். ராஜா பொய் சொல்லவில்லை. சித்தி ஒரு மரத்தைத் தும்பிக்கையால் பிடித்து உலுக்கியது. இலை விழுந்தது. இன்னொரு மரத்தை உலுக்கியது. இலை விழுந்தது. மூன்றாவது மரத்தை நெற்றியால் முட்டியது. ஒரு குரங்கு விழுந்தது.

"பழம் எங்கே மாப்பிள்ளை?"

"பழமா?" என்றது ராஜா.

"ஆமாம், பழம். மாமரத்தில் வருமே, மஞ்சளாக. எங்கே?"

"அத்தை, அதுதான் பூவாகவே அனுப்பிவிட்டேனே. உங்களுக்குத்தானே அனுப்பினேன்."

சித்தி கொடியிடையைப் பார்த்தது. கொடியிடை நாவல் தோப்பை நோக்கி நடந்தது. அங்கேயும் இலை. விளாமரத்தில் முள். புளியமரத்தில் காற்று. இலுப்பை மரத்தடியில் பறிக்கும்போது உதிர்ந்து காய்ந்துபோன பூச்சருகு மட்டும் கிடந்தது. ஒரு குட்டி அதை முகர்ந்து பார்த்துவிட்டு அழத் தொடங்கியது. ஒன்று அழுதால் எல்லாம் அழும். குட்டிகளுக்கு அது ஒரு வழக்கம்.

கொடியிடை ராஜாவின் பக்கம் திரும்பியது.

"மாம்பூ அனுப்பினீர்கள். 'ஆனியில் மாம்பழம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று குட்டிகளிடம் சொன்னேன். நாவல் பூ அனுப்பினீர்கள். நாவல் பழமும் உண்டு என்று சொன்னேன். ஒவ்வொரு மாலை வந்தபோதும், இந்த மரமும் இருக்கிறது, இந்த மரமும் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு இருந்தோம். இருக்கிற மரத்தையெல்லாம் காட்டுவதற்காக மரத்துக்கொரு கொத்து ஒடித்து அனுப்புகிறீர்கள் என்று நினைத்தேன். இருக்கிற பூவையே முழுவதும் பறித்து அனுப்புகிற ஒரு ராஜா இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை."

"காதலுக்காக அனுப்பினேன்" என்றது மத்தகராசன். குரல் தேய்ந்துபோயிருந்தது.

"நானும் காதலித்தேன். இப்படிப்பட்ட காடு வைத்திருக்கிறவரை யார் காதலிக்கமாட்டார்கள்?"

"அந்த மாலைகளை எல்லாம் என்ன செய்தாய்?"

"தின்றோம். வேறு என்ன செய்வார்கள்?"

நிலைமை கைவிட்டுப் போவதைக் கண்ட நரி தொண்டையைக் கனைத்தது. "நல்ல நேரம் போகிறது அரசே! சாப்பாடு எங்கே போய்விடும்? முதலில் பந்தக்காலை நட்டுவிடுவோம். பந்தக்கால் நட்டுவிட்டால் பெண் வீட்டார் பின்வாங்க முடியாது" என்று கடைசி வார்த்தைகளை ராஜாவின் காதுக்குள் சொன்னது.

ராஜா அத்திமரத்தை நோக்கி ஓடியது. யானை ஓடினால் காடே பின்னால் ஓடும். எல்லோரும் ஓடினார்கள்.

மேல் கிளையில் குட்டிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சடைச்சி உட்கார்ந்திருந்தது.

"இறங்கு சடைச்சி!" என்றது நரி.

"முடியாது."

"மரம் விழுந்தால் நீயும் விழுவாய்!"

"விழுகிறேன். பெண் வீட்டார் முன்னால் நன்றாகத்தான் இருக்கும். கல்யாணத்துக்கு வந்த இடத்தில் மூன்று கரடி செத்துக்கிடக்கிறது என்று ஊர் ஊராகப் போய்ப் பேசுவார்கள்."

ராஜா இரண்டு தந்தங்களையும் அடிமரத்தில் வைத்து ஒரு அழுத்து அழுத்தியது. மரம் ஆடியது. கிளைகள் குலுங்கின. சிவந்து பழுத்த அத்திப்பழங்கள் பொலபொலவென்று ராஜாவின் தலையிலும் நரியின் தலையிலும் கொட்டின.

அழுதுகொண்டிருந்த குட்டிகள் வாயை மூடின. காற்றில் வந்த மணம் அவற்றின் மூக்கில் ஏறியது.

"நிறுத்துங்கள்!" என்று கொடியிடை பிளிறியது.

அப்படி ஒரு பிளிறலை மத்தகராசன் தன் ஆட்சியில் கேட்டதில்லை. தந்தம் மரத்தில் வைத்தபடியே நின்றது.

"இது என்ன மரம்? இதன் பூவை நீங்கள் அனுப்பவே இல்லையே."

"உதவாத மரம் அரசி" என்று நரி முந்திக்கொண்டது. "ஒரு பூ கொடுக்கவில்லை. வெட்டிப் போடத்தான்..."

"நான் உங்களைக் கேட்கவில்லை." கொடியிடை நிமிர்ந்து பார்த்தது. "மேலே இருப்பவர் யார்? இந்தக் காட்டில் இந்த ஒரு மரத்தில் மட்டும் எப்படிப் பழம் இருக்கிறது?"

"என் பெயர் சடைச்சி. இதன் பூ வெளியில் தெரியாது. தெரிந்திருந்தால் இதுவும் மாலையாகி உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும்."

"குட்டிகள் பசியாக இருக்கின்றன. கொஞ்சம் தருவீர்களா?"

சடைச்சி கீழே பார்த்தது. குட்டிகளின் விலா எலும்பைப் பார்த்தது. உடனே தந்துவிடத்தான் மனம் சொன்னது. ஆனால் தேனடை போன விதம் அதற்கு மறக்கவில்லை.

"தருவேன். அதற்குமுன் ராஜா மரத்திலிருந்து தந்தத்தை எடுக்கட்டும். எடுத்துவிட்டு, இந்த மரத்தை இனி யாரும் தொடக் கூடாது என்று அவர் வாயால் சொல்லட்டும். மந்திரி வாயால் வேண்டாம். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லட்டும். பிறகுதான் ஒரு பழம் விழும்."

ராஜா என்ன செய்வது என்று மந்திரியைக் கேட்கத் தலையைத் திருப்பியது. நரி வாய் திறப்பதற்குள் சித்தி அதன்மேல் ஒரு பார்வை வைத்தது. யானைச் சித்தியின் பார்வை அது. நரி வாயைத் திறக்கவில்லை.

ராஜா முதல் தடவையாகத் தானே யோசிக்க வேண்டி வந்தது. நெற்றி சுருங்கியது. காது ஆடியது. வால்கூட யோசித்தது. கடைசியில் தந்தத்தை எடுத்தது.

"இந்த மரத்தை யாரும் தொடக் கூடாது. நானும் தொடமாட்டேன். இது சடைச்சியின் மரம்."

"இன்னும் கொஞ்சம் சத்தமாக."

"இது சடைச்சியின் மரம்!"

சடைச்சி கிளை கிளையாக ஏறி உலுக்கியது. பழம் மழையாகக் கொட்டியது. குட்டிகள் மூக்கும் வாயும் சிவக்கத் தின்றன. பெரிய யானைகள் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு மரம் ஒரு கூட்டத்துக்கு எவ்வளவு தாங்கும்? குட்டிகள் வயிறு நிரம்பியதும் மரத்தில் கரடிக் குட்டிகளுக்கான மேல் கிளைப் பழங்கள் மட்டும் மிஞ்சின. அதைக் கொடியிடை கேட்கவில்லை. சடைச்சியும் தரவில்லை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துத் தலையசைத்துக்கொண்டன. கொடுக்கல் வாங்கல் என்றால் அப்படித்தான் முடிய வேண்டும்.

கொடியிடை கூட்டத்தைத் திருப்பியது.

"போகிறாயா?" என்றது மத்தகராசன். "அப்படியானால் நம் காதல்?"

"இருந்தது அரசே. நாவல் தோப்பு வரைக்கும் இருந்தது."

"அடுத்த வருடம் பழம் வரும். நிச்சயம் வரும்."

"வரட்டும். அதுவரை இந்தக் குட்டிகளுக்கு யார் பூ அனுப்புவது?"

சித்தி கடைசியாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனது. "கிழக்கே ஒரு காட்டில் ஒரு ராஜா இருக்கிறார் மாப்பிள்ளை. ஒரு பூகூட அனுப்பவில்லை. ஒரு பலாப்பழம் அனுப்பினார். பாதி அழுகல். ரசனை கெட்டவர் என்று திருப்பி அனுப்பிவிட்டோம். இப்போது போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். எனக்குத்தான் வெட்கமாக இருக்கிறது."

கூட்டம் ஆற்றைக் கடந்தது. கிழக்கே திரும்பியது. கடைசிக் குட்டியின் வாலும் மேட்டுக்கு அந்தப் பக்கம் மறைந்தது.

மத்தகராசன் கரையிலேயே நின்றது. வெகு நேரம் நின்றது. முதுகில் நரி மெல்ல அசைந்து உட்கார்ந்தது. உத்தியோகம் போய்விடக் கூடாதே என்ற கவலை அதற்கு.

"மனம் தளர வேண்டாம் அரசே. கிழக்குக் காட்டில் கல்யாணம் நடந்தால் வாழ்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு நல்ல மாலையாக..."

ராஜா தும்பிக்கையைப் பின்னால் வளைத்தது. நரியை இடுப்பில் பிடித்துத் தூக்கியது. ஆற்றில் ஆழமான இடமாகப் பார்த்து, மெதுவாக, மிகவும் மரியாதையாக விட்டது. நரி நீந்தி அக்கரையில் ஏறியது. அன்றிலிருந்து அதற்குக் கால் நன்றாக வலிக்கிறது என்று கேள்வி.

ராஜாவுக்கும் பசி வந்தது. காதல் போனாலும் பசி போகாது. காட்டைச் சுற்றி வந்தது. எங்கும் எதுவும் இல்லை. கடைசியில் அத்திமரத்தடியில் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றது.

"சடைச்சி, ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?"

மேல் கிளையில் குட்டிகளுக்குப் பழம் ஊட்டிக்கொண்டிருந்த சடைச்சி கீழே எட்டிப் பார்த்தது.

"ராஜாவா? பழம் இல்லை. இலை இருக்கிறது. உதிர்ந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும். கிளையை ஒடிக்கக் கூடாது."

ராஜா உதிர்ந்த இலைகளைப் பொறுக்கித் தின்றது.

நீதி: பிறர் கண்ணுக்குக் காட்டப் பூவையெல்லாம் பறித்துக் கொடுத்தவன், பசிக்கிற நாளில் இலையைத்தான் பொறுக்க வேண்டும்.